விரல்களில் மூட்டுத் தேய்மானம்: நிட்டிங்கை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: "அம்மாவுக்கு 63 வயது. கைவிரல்களில் மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்வெட்டர், குல்லா பின்னுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. தொடரலாமா? எந்த ஊசி வாங்கித் தரலாம்?"

தொடரலாம். ஆனால் ஊசி வாங்கக் கிளம்பும் முன், எந்த மூட்டு வலிக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். வெறுமனே 'கை வலி' என்பதை வைத்துக்கொண்டு ஊசியையோ பின்னும் முறையையோ மாற்றினால், ஒரு மூட்டின் பாரம் இன்னொரு மூட்டுக்குப் போய்விடும்.

கையில் தேய்மானம் பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும்: நகத்தையொட்டிய நுனி மூட்டு, நடு மூட்டு, கட்டைவிரலின் அடிமூட்டு. பாட்டில் மூடி திறக்கும்போதும் சாவி திருப்பும்போதும் கட்டைவிரலின் அடியில் சுரீர் என்றால் அது மூன்றாவது வகை. நிட்டிங்கில் அதிகம் சிரமப்படுவதும் அதுதான். கட்டைவிரல் நுனியும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளை 1 கிலோ விசையில் அழுத்தினால், அடிமூட்டில் விழும் சுமை சுமார் 12 கிலோ. ஆகவே எத்தனை வரிசை பின்னினார் என்பதைவிட, ஊசியை எவ்வளவு இறுக்கிப் பிடித்தார் என்பதே வலியைத் தீர்மானிக்கிறது.

முதலில் அந்தப் பழைய 35 செ.மீ. நீள அலுமினிய ஊசிகளை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். பின்னிய துணியின் எடை முழுவதும் ஊசியில் தொங்க, அதை இரண்டு மணிக்கட்டும் சுமக்கும். பெரியவர்களுக்கான ஸ்வெட்டர் முடியும் தறுவாயில் அரைக் கிலோவை நெருங்கிவிடும். சர்க்குலர் ஊசியில், அதாவது இரண்டு குட்டை ஊசிகளை வளையும் கேபிள் ஒன்று இணைக்கும் ஊசியில், துணி நடுக் கேபிளில் இறங்கி மடியில் உட்கார்ந்துகொள்ளும். வட்டமாகப் பின்னத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் திருப்பித் தட்டையாகவும் பின்னலாம். கேபிளோடு சேர்த்து 80 செ.மீ. நீளம் வாங்குங்கள். குல்லாவுக்கென்று விற்கும் 40 செ.மீ. ஊசி வேண்டாம். அதன் நுனிக் குச்சிகள் மிகக் குட்டை. உள்ளங்கையில் நிற்காது, விரல்களால் கிள்ளித்தான் பிடிக்க வேண்டும். குல்லாவைத் தட்டையாகப் பின்னி ஓரத்தை இணைத்துவிடலாம்.

தடிமன் 4.5 முதல் 5.5 மி.மீ. வரை. 2, 3 மி.மீ. ஊசிகளில் விரல் அதிகம் மடங்கும்; 10 மி.மீ. ஊசியோ கனம், ஒவ்வொரு கண்ணிக்கும் (ஊசியில் விழும் நூல் வளையத்துக்கும்) கை முழுவதும் அசைய வேண்டும். விரல்கள் வளைந்து வீங்கியிருப்பவர்களில் சிலருக்கு, உருண்டையாக இல்லாமல் நான்கு பட்டையாக உள்ள சதுர ஊசி நன்றாகப் படிகிறது. ஜெய்ப்பூரில் தயாராகும் நிட்ப்ரோ கம்பெனி ஊசிகளில் 'கியூபிக்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும்.

மூங்கிலா, உலோகமா? மூங்கில் லேசு, குளிராது என்பதற்காக எல்லோருக்கும் அதையே சொல்லிவிடுகிறார்கள். தளர்வாகப் பின்னுபவருக்குச் சரி, ஏனென்றால் கண்ணி தானாக வழுக்கிப் போகாது. இறுக்கிப் பின்னுபவருக்கோ மூங்கில் பகை. கண்ணி நகராமல் ஒட்டிக்கொள்ள, ஒவ்வொன்றையும் விரலால் தள்ளியே நுனி மூட்டு வலிக்கும். அவருக்கு வழவழப்பான உலோக முனை உள்ள சர்க்குலர் நல்லது. சென்னைப் புழுக்கத்தில் மர ஊசி பிசுபிசுத்தால் மெழுகுத் தாளால் தேய்த்துத் துடைத்தால் போதும்.

இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஊசியின் கூம்பிய நுனியிலேயே கண்ணியை முடித்துவிடுவது. நூலைச் சுற்றியபின் கண்ணி ஊசியின் முழுத் தடிமனுக்கு வரட்டும், பிறகு இழுக்கலாம். சுண்டுவிரலில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடட்டும். விரல்களின் மேலும் கீழுமாக ஓடவிட்டாலே பிடிமானம் கிடைக்கும். நூலுருண்டை எவர்சில்வர் கிண்ணத்தில் இருக்கட்டும், நூல் உருண்டையின் உள்ளிருந்து வரட்டும். உருண்டை சிக்கி நிற்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இழுப்பு விரலுக்குத்தான் போகிறது.

நூலில் தனிப் பருத்தியைத் தவிருங்கள். நீட்சியே இல்லாததால், கம்பளியோ அக்ரிலிக்கோ விட்டுக்கொடுக்கும் இடத்தில் விரல் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். நம் வெயிலுக்குப் பருத்தி–அக்ரிலிக் கலப்பு வசதி. நூல் லேபிளில் உள்ள 'ப்ளை' (இழை) கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எத்தனை மி.மீ. ஊசி என்று போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள்.

பின்னும் முறை இப்படி. நூலை வலக்கையால் வீசிச் சுற்றும் ஆங்கில முறையில் வலது மணிக்கட்டுக்கு வேலை அதிகம். நூல் இடக்கையில் இருக்கும் கான்டினென்டல் முறையில் அசைவு குறைவு. கழுத்தைச் சுற்றி நூல் வரும் போர்த்துகீசிய முறையை மூட்டுவலிக்காரர்களுக்கு மருந்து போல இணையத்தில் பரிந்துரைக்கிறார்கள். ஆட்காட்டி விரலுக்கு அது உண்மையிலேயே ஓய்வு. ஆனால் ஒவ்வொரு கண்ணியையும் இடது கட்டைவிரல் தட்டிவிட வேண்டும். அடிமூட்டு வலி இடக்கையில் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

டிசைனில் கேபிள் (கண்ணிகளை இடம் மாற்றிப் பின்னும் முறுக்கு டிசைன்), மூன்று கண்ணியை ஒன்றாக்குவது, பாபிள் (குமிழ் போலப் புடைக்கும் டிசைன்) மூன்றையும் ஒதுக்கிவைக்கலாம். நூலை முன்பக்கம் வைத்துப் பின்னும் பர்ல் கண்ணி வலித்தால், எல்லா வரிசையும் நிட்டாகவே (நூல் பின்பக்கம் இருக்கும் சாதாரணக் கண்ணியாகவே) வரும் கார்ட்டர் பின்னல் போதும். தொடக்கத்தில் கண்ணி ஏற்றவும் கடைசியில் முடித்து இறக்கவும் 1 மி.மீ. பெரிய ஊசி எடுக்கட்டும், முதல் வரிசை இறுகிவிட்டால் இரண்டாவது வரிசையிலேயே கை ஓய்ந்துவிடும். போர்வை ஆசை இருந்தால் 20 செ.மீ. சதுரங்களாகப் பின்னி இணைக்கலாம். மடியில் கனமே ஏறாது.

நேரத்துக்கு மொபைலில் 15 நிமிட அலாரம், பிறகு 5 நிமிட ஓய்வு. அளவு மீறியதா என்பதைப் பின்னும்போது தெரியும் வலியை வைத்துச் சொல்ல முடியாது. முடித்து 2 மணி நேரம் கழித்தும் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால், அடுத்த நாள் பாதி நேரம்தான். தொடங்கும் முன் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் கை வைக்கலாம். மூட்டு சிவந்து சூடாக இருக்கும் நாளில் அது கூடாது. முழங்கைகளுக்கு அடியில் தலையணை, மணிக்கட்டு நேராக.

'ஆர்த்ரைட்டிஸ் கையுறை'க்குப் பணம் செலவழிக்கும் முன் யோசியுங்கள். முடக்குவாதம் போன்ற அழற்சி மூட்டுவாதம் உள்ளவர்களிடம் இங்கிலாந்தில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இறுக்கமான கையுறைக்கும் தளர்வான கையுறைக்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. கதகதப்பு வேண்டுமென்றால் சாதாரணக் கையுறையின் விரல் பகுதியை வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். கட்டைவிரல் அடிமூட்டு வலிக்கு அந்தப் பணத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் சிகிச்சையாளரிடம்) அளவெடுத்து, மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு சின்ன ஸ்ப்ளின்ட் செய்துகொள்வது உருப்படியான செலவு.

காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் இறுகிக் கிடந்து, இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் வீங்கினால் அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். இரவில் கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஊசியை மாற்றிப் பயனில்லை. டாக்டரிடம் திரும்பக் காட்டுங்கள்.