மழை பிடித்தால் நடை நிற்கிறது, சர்க்கரை ஏறுகிறது

கேள்வி: எனக்கு வயது 54. தாம்பரத்தில் இருக்கிறேன், வங்கி வேலை. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அதோடு நீர் மாத்திரையும் உண்டு. தினமும் காலையில் பூங்காவில் 40 நிமிடம் நடப்பேன். ஆனால் ஐப்பசியில் மழை பிடித்தால் நடை நின்றுவிடும். தை பிறந்து பல நாள் கழித்துத்தான் மறுபடி தொடங்குவேன். மே மாதம் வெயில் தாங்காமல் இன்னொரு மாதம் போய்விடும். எங்கள் நடைக் குழுவில் பதினோரு பேர். நவம்பரில் இரண்டு பேர் வந்தால் அதிகம். செப்டம்பரில் என் ஹெச்பிஏ1சி 7.1 இருந்தது, ஜனவரிக் கடைசியில் 8.2. டாக்டர் கிளிமிபிரைடு அளவைக் கூட்டிவிட்டார். இப்போது மாசி, நடக்கத் தொடங்கிவிட்டேன். மனைவி இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். டிரெட்மில் வாங்கிவிடலாமா?

பதில்: பதினோரு பேருக்கும் ஒரே மாதத்தில் சோம்பல் வராது. மழை வந்தது, பூங்காவில் தண்ணீர் நின்றது, பாதை வழுக்கியது, அவ்வளவுதான். உங்கள் மனைவியிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆனால் அவருடைய கவலை நியாயமானது. ஒவ்வொரு தை, மாசியிலும் என் மேசைக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் உங்களுடையதைப் போன்ற எண்களை நிறையப் பார்க்கிறேன்.

முதலில் அவசரமான விஷயம். உங்கள் மாத்திரை அளவு கூடியது நீங்கள் நடக்காமல் இருந்த மாதங்களின் கணக்கை வைத்து. இப்போது நடையும் சேர்ந்துவிட்டது. கிளிமிபிரைடு சர்க்கரையை வேகமாக இறக்கக்கூடிய மருந்து. கூட்டிய மருந்தும் தினசரி நடையும் சேரும்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்து போகலாம். கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குப்பென்று வியர்வை, இவைதான் அறிகுறிகள். பங்குனி, சித்திரையில் இதில் ஒரு ஆபத்து கூடுதலாக உண்டு. வியர்த்தால் வெயில்தான் காரணம் என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள். நடக்கும்போது சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும். அறிகுறி தெரிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை உடனே சாப்பிட்டுவிட்டு, கால் மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டதை உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

சரி, 7.1 எப்படி 8.2 ஆனது? ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. ஜனவரிக் கடைசியில் எடுத்தீர்கள் என்றால் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றும் அதில் இருக்கின்றன. தீபாவளி அதிரசம் தீர்வதற்குள் மழை, மழை ஓய்வதற்குள் பொங்கல். சென்னைப் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. சாப்பாடு கூடுகிற அதே மாதங்களில்தான் கால்களுக்கு வேலை இல்லாமல் போகிறது.

தொடை, கெண்டைக்கால் தசைகள் உடலின் பெரிய தசைகளில் சேர்ந்தவை. அரை மணி நேரம் நடந்தால் அவை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எளிதாக இழுத்துக்கொள்ளும். அந்தத் தன்மை நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை இருக்கும், அப்புறம் போய்விடும். அதனால்தான் சர்க்கரை நோயாளிகளுக்குத் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சியை விடக் கூடாது என்கிறோம். நீங்கள் விட்டது மூன்று மாதம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்து ஈடுகட்டலாம் என்று சிலர் நினைப்பார்கள். சர்க்கரை விஷயத்தில் அந்தக் கணக்கு சரியாக வராது. மூச்சுத் திறனும் அப்படித்தான், மூன்று நான்கு வாரம் சும்மா இருந்தாலே குறையத் தொடங்கிவிடும். பொங்கல் கழித்து முதல் நாள் நடந்தபோது வழக்கமான சுற்றிலேயே உங்களுக்கு மூச்சு வாங்கியிருக்கும்.

உடற்பயிற்சி குறையும் பருவம் ஊருக்கு ஊர் வேறு. லண்டனில் ஜூன் மாதம் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே குளிரும் இருட்டும்தான் ஆட்களை வீட்டுக்குள் தள்ளுகின்றன. சென்னையில் பகல் நீளம் ஒன்றரை மணி நேரம்தான் கூடிக் குறைகிறது. நம்மைத் தடுப்பது மழையும் புழுக்கமும். பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு. பிப்ரவரி, மார்ச்சில் பரீட்சை என்று ஆட்டத்தை நிறுத்துகிறோம், மே மாத உச்சி வெயிலில் தெருவில் கிரிக்கெட் ஆட விடுகிறோம். பெற்றோர் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மழைக்காலத்துக்கு என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரு வழியைச் சொல்கிறேன். என்னிடம் வரும் ஒரு அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல், தையல் வேலை செய்கிறார். ஓர் அறை, ஒரு சமையலறை, நடுவில் குறுகலான நடை, அதுதான் வீடு. அடுப்படியிலிருந்து வாசல்படி வரை பதினான்கு அடி எடுத்து வைக்கலாம். மழை தொடங்கினால் ஒரு கிண்ணத்தில் முப்பது புளியங்கொட்டைகளைப் போட்டு அடுப்படித் திட்டில் வைத்துவிடுவார். வாசல்படி வரை போய்த் திரும்பினால் ஒரு கொட்டையைப் பக்கத்துக் கிண்ணத்துக்கு மாற்றுவார். முப்பதும் மாறினால் எட்டு ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்ததும் இதைச் செய்வார். ஒருமுறை அந்தக் கிண்ணங்களைப் பையில் போட்டு எடுத்து வந்து என்னிடம் காட்டினார், கொட்டைகள் கை பட்டுப் பட்டுப் பளபளவென்று இருந்தன. மழைக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டுக்கும் பொங்கலுக்குப் பின் எடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர் செய்தது மருத்துவப்படியும் சரி. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்தில் பத்து நிமிடம் நடந்தால் அந்த ஏற்றம் நன்றாகக் குறையும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேளைக்குப் பத்து நிமிடம் என்றால் நாளுக்கு முப்பது, ஐந்தே நாளில் 150 வந்துவிடுகிறது. மிதமான வேகம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் நூறு காலடி. அந்த வேகத்தில் பேச முடியும், பாட முடியாது. வீட்டுக்குள் நடக்கும்போது பலர் உலாத்துவது போல மெதுவாகப் போய்விடுகிறார்கள், அதை மட்டும் கவனியுங்கள். வாரத்தில் இரண்டு நாள், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுங்கள். தொடை பலம் குறையாமல் இருக்கும்.

உங்கள் குழுவைக் கலைய விடாதீர்கள். பதினோரு பேரில் யாராவது ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பார். மேலே கூரையுள்ள கார் நிறுத்தும் இடம் காலை ஆறு மணிக்குப் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். குடியிருப்புச் சங்கத்திடம் புரட்டாசியிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள். மழை கொட்டும் நாளில் இதைப் பேச ஆரம்பித்தால் நடக்காது. மழை நின்ற மறுநாளே தெருவில் இறங்கவும் வேண்டாம். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், திறந்த சாக்கடை மூடி தெரியாது, மின் பெட்டி அருகே கசிவு இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் அது சின்ன விஷயமாக நிற்காது. காலுறை ஈரமானால் உடனே கழற்றி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றித் துடையுங்கள்.

மே மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மழையில் உடம்பு மந்தமாகும், வெயிலில் உயிருக்கே ஆபத்து வரும். வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை, ஆவியாவதால்தான் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், சூடு உள்ளேயே தங்கும். 2019-இல் தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். வெப்பம் 32 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓடிய 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை. உலகத்தின் தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கே அந்த நிலை. நம் ஊர்க் காலைப் புழுக்கமும் அந்த ரகம்தான், சூரியன் இல்லையே என்று வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

இதற்கு உடலே ஒரு வழி வைத்திருக்கிறது. சூட்டில் தினமும் அளவாக இயங்கினால் ஒன்று இரண்டு வாரத்தில் உடல் பழகிக்கொள்ளும். வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறைவாகப் போகும், ரத்தத்தில் நீரளவு கூடும். இரண்டு மூன்று வாரம் விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். இப்போது மாசி, காலை நடை சுகமாக இருக்கிறது. இங்கிருந்து விடாமல் பங்குனி, சித்திரை என்று போனால் வெயில் ஏறுவதோடு உடலும் பழகிக்கொண்டே வரும். இடையில் ஒரு மாதம் விட்டுவிட்டு அக்னி நட்சத்திரத்தில் திடீரென்று 40 நிமிடம் நடப்பதுதான் தவறு. மே கடைசியில் சென்னையில் 5:45-க்கு முன்பே விடிந்துவிடும். ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறு மணிக்குள் வீடு வந்து சேருங்கள். இல்லையென்றால் கடற்காற்று வந்த பிறகு இருட்டும் நேரத்தில் இருபது நிமிடம் நடங்கள், போதும். மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். பகலெல்லாம் சூடேறிய தளம் மாலையிலும் கொதிக்கும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது. மறுநாள் காலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். கோடையில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு வெந்த பாதத்தோடு வருபவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். உச்சி வேளையில் சுற்றாதீர்கள், கல்தரையில் காலுறையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

நீர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அதனால் வெயிலில் எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் உடனே சொல்லி ரத்த அழுத்தத்தையும் சோடியம், பொட்டாசியம் அளவையும் பாருங்கள். 40 நிமிட நடைக்கு உப்புக் கரைசல் தேவையில்லை, தண்ணீர் போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோரில் உப்பை அள்ளிப் போட வேண்டாம். குழுவில் யாராவது நடக்கும்போது பேச்சுக் குழறினால், தடுமாறினால், உடல் கொதித்தால் அது வெப்ப மயக்கத்தைத் தாண்டிய நிலை. நிழலில் படுக்க வைத்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு சரியில்லாதபோது வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மார்கழிப் பனியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நம் ஊர்க் குளிர் பெரும்பாலானவர்களுக்கு நல்லதுதான். ஆஸ்துமா உள்ளவர்களும் இதய நோயாளிகளும் மட்டும் வெயில் லேசாக வந்த பிறகு கிளம்பட்டும். விடியற்காலையில் புகையும் தூசியும் தரையோடு தங்கி நிற்கும். போகியன்று காலை யாருமே வெளியே நடக்க வேண்டாம்.

டிரெட்மில் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். வரும் ஐப்பசியில் முதல் இரண்டு வாரம் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடையைச் செய்து பாருங்கள். அதை விடாமல் செய்துவிட்டு, இன்னும் வேகமாக நடக்க இடம் போதவில்லை என்று தோன்றினால் அப்போது வாங்கலாம். செப்டம்பர் ரிப்போர்ட்டுக்குப் பிறகு ஜனவரிக் கடைசி வரை காத்திருக்காமல் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஹெச்பிஏ1சி எடுத்துவிடுங்கள். ஏறத் தொடங்கியிருந்தால் மருந்தைக் கூட்டும் முன்பே நடையைச் சரிசெய்ய ஒரு மாதம் கையில் இருக்கும்.