திருகோணமலை போன்ற கடலோர ஊரில், வீட்டு முற்றத்துச் செயற்கைப் பட்டிங் கிரீன் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

பட்டிங் கிரீன் என்பது கோல்ஃப் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் சீரான புல்தளம். வீட்டில் அது பெரும்பாலும் கெடுவது புல்லால் அல்ல, அடித்தளத்தால். வடகீழ்ப் பருவமழையில் நீர் இறங்க வழியில்லாவிட்டால், ஈர நிலத்தில் விரித்த பாய் போல மேலே காய்ந்து அடியில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே உடைத்த கருங்கல்லைப் பரப்பி இறுக்கி, கல்தூள் போட்டு, வீட்டுச் சுவரிலிருந்து விலகும்படி இலேசான சரிவு விடுங்கள். பந்து விழும் 108 மில்லிமீற்றர் விட்டக் குழிக்கும் அடியில் வடிகால் வேண்டும்; பலர் மறப்பது அதைத்தான்.

புல் இழைகளுக்கிடையே நிரப்ப, பக்கத்து உப்புவெளிக் கடற்கரை மணலை அள்ளித் தூவவே வேண்டாம்: உப்பு ஈரத்தை இழுக்கும், சிப்பித் துண்டு பந்தைத் திருப்பிவிடும். கழுவிய சிலிக்கா மணலே சரி.

பிளாஸ்டிக் புல்லில் பாசி வராது என்பார்கள். இழை அழுகாதுதான், அதில் சிக்கிய வேப்பஞ்சருகு அழுகும், பாசிக்கு அது போதும்.