சாணி வண்டு பார்க்கிற பிள்ளைக்கு நீட் எதற்கு, அண்ணாச்சி?

மானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீட் மதிப்பெண் போதவில்லை. "இன்னொரு வருஷம் கோச்சிங், அதுக்கும் கிடைக்கலன்னா வயலை வித்துத் தனியார் காலேஜ்" என்கிறாராம் மைத்துனர். பிள்ளையோ தொழுவில் சாணியைக் கிளறிப் பார்த்து, "மாட்டுக்குப் பூச்சி ஊசி போட்டப்புறம் இதுல வண்டுப் புழுவையே காணோமே, ஏம்பா?" என்று கேட்கிறாளாம்.

அண்ணாச்சி, வயலை விற்காதீர்கள். டாக்டராக வேண்டும் என்று பிள்ளை சொன்னதாக நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை. ஆசை மைத்துனருடையது, கடன் உங்களுடையது. பொறியியல், நர்சிங் பற்றியெல்லாம் ஊரே சொல்லும், நான் விட்டுவிடுகிறேன்.

அவள் கேட்டது பெரிய கேள்வி. பூச்சி ஊசியாகப் போடுகிற ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்து 1981இல் கால்நடை மருந்தாக வந்தது. அதைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் ஒமுராவுக்கும் கேம்ப்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல மருந்துதான், குடற்புழு நீக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி சாணத்தோடு வெளியே வந்துவிடுகிறது. குடற்புழுவின் நரம்பை முடக்குவது, சாணியில் வளரும் ஈயின் புழுவையும் வண்டின் புழுவையும் முடக்கும். ஊசி போட்ட மாட்டின் சாணத்தில் இந்தப் பாதிப்பு சில வாரங்கள்கூட நீடிக்கும். வளர்ந்த வண்டு சாகாமல் போகலாம், ஆனால் மிகக் குறைந்த அளவே அதன் மோப்பத்தையும் நடையையும் கெடுப்பதாக ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். வண்டு புதைக்காத சாணி மேலேயே காய்ந்து கிடக்கும், மண்ணுக்கு உரம் சேராது. ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாணத்தை உள்ளூர் வண்டுகளால் சமாளிக்க முடியாமல், 1960களில் ஆப்பிரிக்காவிலிருந்து வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா மருந்தும் ஒரே மாதிரியும் இல்லை. மாக்ஸிடெக்டின் என்ற இன்னொரு குடற்புழு மருந்து வண்டுகளுக்கு ஐவர்மெக்டின் அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. மருந்து கலந்த சாணியை வண்டு தேடி வருமா, விலகிப் போகுமா என்பதிலேயே ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நம்ம ஊர் வெயிலில், நம்ம ஊர் வண்டுகளை வைத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

இதற்கு வேலையும் உண்டு. மேயும் கால்நடைக்கான இத்தகைய மருந்துகளை ஐரோப்பாவில் விற்க, சாண ஈக்கும் சாண வண்டுக்கும் என்ன ஆகிறது என்று சோதித்துக் காட்ட வேண்டும். மருந்து, பூச்சிக்கொல்லிகளின் சூழல் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் ஆய்வகங்கள் நம் நாட்டிலும் இருக்கின்றன, சென்னைக்கு அருகே படப்பையில்கூட ஒன்று உண்டு.

படிப்பு? பாளையங்கோட்டையிலேயே சாராள் தக்கரிலோ சேவியரிலோ பி.எஸ்சி. விலங்கியல். அரசு உதவி பெறும் பிரிவில் இடம் வாங்குங்கள், சுயநிதிப் பிரிவு வேண்டாம், கட்டணத்தில்தான் வித்தியாசம். அப்புறம் எம்.எஸ்சி., அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஒரு எச்சரிக்கை: வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் முதுகலைக்கு பி.எஸ்சி. வேளாண்மை கேட்பார்கள். மதிப்பெண் இருந்தால் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்கும் விண்ணப்பியுங்கள். கால்நடை மருத்துவமும் நல்ல படிப்புதான், ஆனால் ஐந்தரை வருடம் மாட்டைப் பார்ப்பது. இவள் பார்ப்பது சாணியை.

சுகமான வழி இல்லை இது. முதல் சம்பளம் சிறிதாகத்தான் இருக்கும், நிலையான வேலைக்கு வருடங்கள் ஆகும். "பொம்பளப் பிள்ளை சாணி கிளறவா படிக்குது" என்றும் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வயலை அடகு வைத்தால், வட்டி கட்ட அவர்கள் வரமாட்டார்கள்.

கல்லூரி திறக்கும்வரை அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அடுத்த ஊசிக்கு முந்தின நாள் சாணியில் கொஞ்சம், ஊசி போட்ட மூன்றாம் நாள் சாணியில் அதே எடை. முதலில் எடுத்ததை மூடி வைத்து, இரண்டையும் ஒரே நாளில் தோட்டத்து மண்ணில் தள்ளித் தள்ளி வைக்கட்டும். ஒரு வாரம் கழித்து உடைத்து, புழு எத்தனை, வண்டு எத்தனை என்று நோட்டில் எழுதட்டும். ஊசி மருந்தின் பெயரையும் தேதியையும் டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கையுறை போடாமல் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். மைத்துனரின் எண்ணை எனக்கு அனுப்புங்கள், அவரிடம் நான் பேசுகிறேன்.