ஜார்ஜ்டவுனில் மகளைச் சேர்க்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

திருச்சியிலிருந்து வர்ஜீனியாவுக்கு வந்து ஓராண்டே ஆகிறது என்றும், மகளுக்கு வாஷிங்டனிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்றும் எழுதி, "ஆர்ட்ஸ் காலேஜ், அதுவும் பாதிரிமார் நடத்துவது, சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகன் அங்கே படித்தவன் என்பதால் பதில் சொல்லத் துணிகிறேன்.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். 1789-இல் தொடங்கிய இப்பல்கலைக்கழகத்தில் வணிகத்துக்கும் வெளியுறவுக் கல்விக்கும் தனிப் பள்ளிகள் (பல்கலைக்கழகத்தின் உட்பிரிவுகள்) இருக்கின்றன. ஆனால் இயற்பியல், உயிரியல், கணினி அறிவியல் எல்லாம் இந்தக் கல்லூரிக்குள்தான் அடங்கும். முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் முடிவுக்குள் தெரிவித்தால் போதும். உயிரியல் படிக்கப் போன என் மகன் வரலாற்றுக்கு மாறியதும் அப்படித்தான். அப்போது வீட்டில் நடந்த வாக்குவாதத்தை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பொறியியல்தான் வேண்டும் என்று மகள் உறுதியாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். இங்கே பொறியியல் பள்ளி கிடையாது.

மதத்தைப் பற்றிய அச்சம் திருச்சிக்காரரான உங்களுக்கு வந்ததுதான் வியப்பு. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் உங்கள் ஊருக்கு வந்த புனித வளனார் கல்லூரியும், ஜார்ஜ்டவுனை நடத்தும் அதே கத்தோலிக்கத் துறவியரான சேசு சபையினர் நடத்துவதுதான். அப்துல் கலாம் அங்கே படித்தவர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஜார்ஜ்டவுனில் எந்த மதத்தவராயினும் இறையியலில் இரண்டு பாடங்களும் மெய்யியலில் இரண்டு பாடங்களும் படித்தாக வேண்டும். இது கிறித்தவ சமயம் போதிக்கும் ஞானோபதேச வகுப்பன்று. கடவுளைக் குறித்த கேள்வியையே ஆராய வேண்டிய பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, நம்புவோர், மறுப்போர் இருவருடைய வாதங்களையும் படிக்க வைத்து, மாணவர் எதை நம்புகிறார் என்று பாராமல் எப்படி வாதிடுகிறார் என்று பார்த்தே மதிப்பெண் இடுகிறார்கள். என் மகன் முழு நாத்திகக் கட்டுரை ஒன்றை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினான். ஊரில் இருக்கும் பாட்டிக்கு அதைச் சொல்லவில்லை.

1999-இல் முழுநேர இஸ்லாமிய ஆன்மிக வழிகாட்டியையும் 2016-இல் முழுநேர இந்து ஆன்மிக வழிகாட்டியையும் நியமித்த நிறுவனம் அது. தீபாவளிக்கு மகள் தனித்து நிற்க மாட்டாள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸில் உங்கள் வீடு இருப்பதால் விடுதிச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட வேண்டாம். பொதுவாக மூன்று ஆண்டுகள் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்பது அங்கே விதி. வீட்டிலிருந்து போய்வருவதும் எளிதல்ல. ஜார்ஜ்டவுனில் மெட்ரோ நிலையம் இல்லை, ரோஸ்லின் நிலையத்தில் இறங்கிப் பல்கலைக்கழகப் பேருந்தைத்தான் பிடிக்க வேண்டும். ஆகவே சேர்க்கையை உறுதிசெய்யுமுன் நிதியுதவிக் கடிதத்தில் கல்விக் கட்டணத்தோடு விடுதி, உணவுச் செலவுகளையும் கூட்டி, உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.