மாட் ஆடம்ஸ்: பீட்டர் பேனாகப் பறந்தவர், விளக்குப் பட்டறைக்குப் போனவர் – கேள்வி பதில்

போன வாரம் பழைய மேடை விளக்குகளைப் பற்றிப் பேசும்போது, போகிற போக்கில் மாட் ஆடம்ஸ் என்ற அமெரிக்க நாடக நடிகையின் பெயரைச் சொல்லிவிட்டேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. முப்பது வருஷம் நாடகங்களுக்கு விளக்குப் போட்டவன் நான். அதனால் பதில்கள் அங்கங்கே விளக்குப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடகப்பித்தன், திருச்சி: சார், அந்தக் காலத்து அமெரிக்க நடிகை என்றால் எத்தல் பேரிமோர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் யார்?

எத்தல் பேரிமோர் பிற்பாடு சினிமாவில் நடித்தார், அதனால் பெயர் நின்றது. மாட் ஆடம்ஸ் ஒரு சினிமாவிலும் நடிக்கவில்லை. இவரைப் பார்த்தவர்கள் போனதும் இவருடைய நடிப்பும் அவர்களோடு போய்விட்டது. ஆனால் 1905 வாக்கில் அமெரிக்க மேடையில் இவரைவிடப் பெரிய பெயர் எதுவும் கிடையாது.

1872 நவம்பர் 11 அன்று யூட்டாவில் உள்ள சால்ட் லேக் சிட்டியில் பிறந்தார். அப்பா பெயர் கிஸ்கேடன். அம்மா ஆனி ஆடம்ஸ், மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த நாடக நடிகை. மகள் மேடைக்கு எடுத்துக்கொண்டது அம்மாவின் குடும்பப் பெயரை. கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மாவோடு மேடையேறியாயிற்று. ஐந்து வயதில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வசனம் பேசி நடித்தார். 1890 வாக்கில் சார்லஸ் ஃப்ரோமன் என்ற நியூயார்க் நாடக முதலாளியின் கம்பெனியில் சேர்ந்தார். 1892 முதல் ஐந்து வருஷம் ஜான் ட்ரூ என்ற பெரிய நடிகருக்கு ஜோடி. இந்த ஜான் ட்ரூ யார் தெரியுமா? நீங்கள் சொன்ன எத்தல் பேரிமோரின் தாய்மாமன்தான்.

திருப்பம் 1896இல் வந்தது. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜே. எம். பேரி நியூயார்க் வந்திருந்தபோது, 'ரோஸ்மேரி' என்ற நாடகத்தில் இவரைப் பார்த்தார். தன்னுடைய 'தி லிட்டில் மினிஸ்டர்' நாவலை எப்படி நாடகமாக்குவது என்று அவர் திணறிக்கொண்டிருந்த நேரம் அது. நாவலில் நடுநாயகம் ஒரு இளம் பாதிரியார். நாடகத்தில் பேபி என்ற பெண்ணைத் தூக்கி நடுவில் வைத்தார். 1897 செப்டம்பரில் எம்பயர் தியேட்டரில் திரை தூக்கியது, நியூயார்க்கில் மட்டும் 300 காட்சிகள். அதற்குப் பிறகு பேரி எழுத, இவர் நடிக்க என்று இருபது வருஷம் ஓடியது.

சினிமாக்காரன், கோவை: உதய்ப்பூரில் ஷூட்டிங் நடந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வருவாரே, அவர்தானே?

அவர் ஸ்வீடன்காரர், பெயர் மட்டும் ஒன்று. நம்மவர் அந்தப் படம் வருவதற்கு முப்பது வருஷம் முன்பே காலமாகிவிட்டார்.

மாலதி டீச்சர், தஞ்சாவூர்: பீட்டர் பேன் ஒரு சின்னப் பையன். அந்த வேடத்துக்கு ஏன் ஒரு பெண்? குழந்தைகள் எப்படி நம்பினார்கள், ஐயா?

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் போடும் பாண்டமைம் நாடகங்களில் ராஜபார்ட் கட்டுவது பெண்தான். பார்க்கிறவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். வளரவே மறுக்கும், பறக்கத் தெரிந்த ஒரு பையனைப் பற்றி பேரி எழுதிய 'பீட்டர் பேன்', 1904 டிசம்பர் 27 அன்று லண்டனில் அரங்கேறியபோது நீனா பூசிகோ என்ற நடிகை நடித்தார். நியூயார்க்கில் 1905 நவம்பர் 6 அன்று மாட் ஆடம்ஸ். முப்பத்துமூன்றாவது பிறந்த நாளுக்கு அப்போது ஐந்து நாள் பாக்கி.

எப்படி நம்பினார்கள் என்கிறீர்கள். பறப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைக்குள்ளே தோல்பட்டையால் ஒரு கவசம், முதுகில் ஒரு கொக்கி, அதில் மெல்லிய கம்பி. பக்கத்திரைக்குப் பின்னால் நிற்கும் ஆட்கள் கயிற்றை இழுக்க இழுக்க மேலே போக வேண்டும். லண்டனில் ஜார்ஜ் கிர்பி என்பவர் இந்தக் காட்சிக்காகவே கொக்கியைச் சட்டென்று மாட்டிக் கழற்றும்படி செய்து கொடுத்தார். இதுபோல ஒருவரைக் கம்பியில் தூக்கிய நாடகம் ஒன்றுக்கு நான் விளக்குப் போட்டிருக்கிறேன். தரையை விட்டுக் கால் எழும்பும் அந்த ஒரு நொடியில் நடிகரின் தோள் தன்னாலே இறுகும். அதை மறைத்து, "இது எனக்குத் தினசரி வேலை" என்பது போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். கம்பி எல்லாரையும் தூக்கும், பறக்கிறவராகத் தெரிவது நடிகர் கையில்.

பீட்டரோடு வரும் டிங்கர் பெல் தேவதைக்கு ஆளே கிடையாது. கண்ணாடியில் பட்டுச் சுவரில் துள்ளும் ஒரு வெளிச்சப் புள்ளியும் ஒரு மணிச் சத்தமும்தான். அந்தப் புள்ளி மங்கினால் தேவதை சாகக் கிடக்கிறாள் என்று பொருள். அப்போது பீட்டர் முன்னால் வந்து, தேவதைகளை நம்புகிறவர்கள் கைதட்டுங்கள் என்று சபையைப் பார்த்துக் கெஞ்ச வேண்டும். யாரும் தட்டாவிட்டால் நாடகமே அங்கே படுத்துவிடும். லண்டன் முதல் காட்சியில் பேரி பயந்துபோய், வாத்தியக்காரர்களிடம் நீங்களாவது தட்டுங்கள் என்று சொல்லி வைத்திருந்தாராம். தேவையே படவில்லை. மாட் ஆடம்ஸ் இந்த வேடத்தைப் பல வருஷங்களில், ஊர் ஊராக, 1,500 தடவைக்கு மேல் போட்டார்.

கணக்குப்பிள்ளை, விருதுநகர்: வசூல் எப்படி? சம்பளம் எவ்வளவு?

'தி லிட்டில் மினிஸ்டர்' நியூயார்க் ஓட்டத்தில் மட்டும் சுமார் 3,70,000 டாலர். 1897–98 விலைவாசியில் என்று நினைத்துப் பாருங்கள். உச்சத்தில் இருந்தபோது வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை வந்தது. அன்று மேடையில் அதிகம் சம்பாதித்தவர் இவர்தான். கூட நடிக்கும் சின்ன நடிகர்களுக்குத் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. வெளியூர் முகாம் ஒன்றில், இவர் வருகிறார் என்று தெரிந்து தியேட்டர்காரர் டிக்கெட் விலையை ஏற்றிவிட்டார். ஏற்றிய காசை ஜனங்களிடம் திருப்பிக் கொடுத்தால்தான் மேடைக்கு வருவேன் என்று சொல்லி, கொடுக்க வைத்த பிறகே நடித்தார்.

விமர்சகன், சென்னை: கூட்டம் வந்தது சரி. உண்மையிலேயே நல்ல நடிகையா, இல்லை முதலாளி ஊதிப் பெருக்கிய பலூனா?

நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றுவது இது: எல்லை உள்ள நடிகை, அந்த எல்லைக்குள் அவரை அடிக்க ஆளில்லை. 1899இல் ஜூலியட்டாக நடித்தார், வில்லியம் ஃபேவர்ஷாம் ரோமியோ. விமர்சகர்கள் பலர் கை விரித்துவிட்டார்கள். மென்மை இருக்கிறது, ஷேக்ஸ்பியர் கேட்கும் கனம் இல்லை என்பது அவர்கள் குறை. ஜனங்களோ தியேட்டரை நிரப்பினார்கள்.

அடுத்த வருஷம் இன்னும் பெரிய வம்பு. நெப்போலியனின் மகனைப் பற்றி எத்மோன் ரோஸ்தான் எழுதிய 'லெக்லோன்' நாடகத்தை 1900 மார்ச்சில் பாரிஸில் புகழ்பெற்ற பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் நடித்திருந்தார். அதே வேடத்தை அக்டோபரில் மாட் ஆடம்ஸ் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் போட்டார். அடுத்த மாதமே பெர்ன்ஹார்ட் கப்பல் ஏறி நியூயார்க் வந்து, அதை பிரெஞ்சில் போட்டார். ஒரே ஊர், ஒரே வேடம். இருபது வயதுப் பையனாக ஐம்பத்தாறு வயது பெர்ன்ஹார்ட் ஒரு பக்கம், இருபத்தெட்டு வயது மாட் மறுபக்கம். கலை என்று பார்த்தால் பெர்ன்ஹார்ட்டுக்குத்தான் மாலை விழுந்தது. ஆனால் அந்த ஒப்பீட்டைத் தாங்கி நின்றதே இவருக்குப் பெரிய பெயர்.

1908இல் வந்த 'வாட் எவ்ரி வுமன் நோஸ்' நாடகத்தில் மேகி என்ற பெண். அழகி இல்லை, ஆனால் கணவனின் அரசியல் பேச்சுகளை அவனுக்கே தெரியாமல் சீர்படுத்திக் கொடுத்து அவனை உயர்த்துகிறவள். என்னைக் கேட்டால் இவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது பீட்டர் இல்லை, இந்த மேகிதான்.

ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்: அந்த முதலாளி ஃப்ரோமன் இவரைப் பேட்டி கொடுக்கவே விடவில்லை என்று படித்தேன். கூண்டுக்கிளி மாதிரியா?

பாதி சரி. பார்க்க முடியாத ஆளைத்தான் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க வருவார்கள் என்பது ஃப்ரோமனின் வியாபாரக் கணக்கு. பேட்டி கூடாது, விருந்துகளில் தலைகாட்டக் கூடாது. ஆனால் இவர் சுபாவத்திலேயே கூச்சக்காரர். ஓய்வு வேண்டுமென்றால் கன்னியர் மடத்தில் போய்த் தங்குகிறவர். அதனால் முதலாளி போட்ட பூட்டு இவருக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது.

ஃப்ரோமன் சாதாரண ஆளில்லை. 1896இல் ஆறு பேர் சேர்ந்து தியேட்ரிக்கல் சிண்டிகேட் என்று ஒன்று அமைத்து, நாடு முழுக்கத் தியேட்டர்களைக் கைக்குள் போட்டுக்கொண்டார்களே, அதில் ஒருவர். மின்னி மேடர்ன் ஃபிஸ்க் என்ற நடிகை அவர்களை எதிர்த்ததற்கு, நல்ல தியேட்டர் கிடைக்காமல் அலைந்தார். மாட் ஆடம்ஸுக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை, ஏனென்றால் இவர் நின்றது மதிலுக்கு உள்ளே. இதையும் சொல்லாவிட்டால் கதை முழுதாகாது.

1915 மே 7 அன்று லூசிடேனியா கப்பல் மூழ்கியபோது ஃப்ரோமனும் போனார். சாவு ஓர் அழகான சாகசம்தானே, அதற்கு ஏன் பயம் என்ற பொருளில் கடைசியாகப் பேசினார் என்று, உயிர் தப்பிய நடிகை ரீட்டா ஜோலிவே சொன்னார். பீட்டர் பேனின் வசனத்தைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

அரட்டை அரசு, சேலம்: சேவல் வேஷமெல்லாம் போட்டாராமே!

போட்டார், சேவல் வேஷம்தான். 1911 ஜனவரியில் 'ஷான்டக்ளேர்', இதுவும் ரோஸ்தான் எழுதியது. உடம்பெல்லாம் இறகு, தலையில் கொண்டை. தான் கூவுவதால்தான் சூரியன் உதிக்கிறது என்று நம்பும் ஒரு சேவல். ஒரு நாள் கூவ மறக்கிறது, சூரியன் பாட்டுக்கு உதித்துவிடுகிறது. பாரிஸில் ஆண் நடிகர் செய்த அந்த வேடத்தை இந்தச் சிறு உருவம் தாங்குமா என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. முதல் நாள் இரவு சபையோர் இருபத்திரண்டு தடவை திரையைத் தூக்க வைத்து இவரை வரவழைத்தார்கள். தான் போட்ட வேடங்களில் இவருக்கு மிகவும் பிடித்தது இந்தச் சேவல்தான்.

அதற்குச் சுமார் ஒன்றரை வருஷம் முன்பு, 1909 ஜூனில், ஹார்வர்டு விளையாட்டு அரங்கத்தில் ஒரே ஒரு இரவு ஜோன் ஆஃப் ஆர்க்காகவும் நடித்தார். திறந்த வெளியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துணை நடிகர்கள், குதிரைகள். பார்த்தவர்கள் சுமார் 15,000 பேர். இயக்கமும் அவரே.

ரீல் பெட்டி, மதுரை: இவ்வளவு புகழ் உள்ளவர் சினிமாவுக்கு ஏன் போகவில்லை?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சினிமாவுக்குப் போனார், காமிராவுக்குப் பின்பக்கமாக.

1918இல் கடுமையான ஃப்ளூ. உடம்பு தேற நாளானது, மேடையிலிருந்து விலகினார். சும்மா இருக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் ஷெனெக்டடி நகரத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய், பெரிய பல்புகள் செய்யும் வேலையில் பொறியாளர்களோடு உட்கார்ந்துவிட்டார். திடீர் ஆசை இல்லை இது. நடித்த காலத்திலேயே தன் நாடகங்களின் விளக்கமைப்பைத் தானே கவனித்தவர், பாசெட் ஜோன்ஸ் என்ற மின்பொறியாளரைக் கூட வைத்துக்கொண்டு பரிசோதனை செய்தவர்.

அன்றைய சிக்கலைச் சொல்கிறேன். கலர் படம் எடுக்க வெளிச்சம் கொட்ட வேண்டும். அந்த அளவு வெளிச்சத்துக்கு அப்போது இருந்தது ஆர்க் விளக்கு. பழைய டூரிங் டாக்கீஸில் புரொஜெக்டருக்குள் கார்பன் குச்சி எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 'உஸ்' என்று சத்தம், புகை, பொறி. குச்சி தேயத் தேயப் பக்கத்திலேயே நின்று தள்ளிக்கொடுக்க வேண்டும். பட்டென்று எரியும், பட்டென்று அணையும், மெல்ல மங்கவைப்பது என்ற பேச்சே கிடையாது. இழை பல்பு அப்படியில்லை. சத்தம் போடாது, டிம்மரைத் திருப்பினால் விடியற்காலை போல ஏறும், அந்தி போல இறங்கும். ஆனால் ஸ்டுடியோவுக்குப் போதுமான அளவு பெரிய பல்பு வேண்டுமே. அதற்காகத்தான் அந்த உழைப்பு. 1925இல் ஆவணப்பட இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு குயவரைப் பற்றிக் குறும்படம் எடுத்தபோது, பணம் கொடுத்ததும் இவர்தான்.

காமிராவுக்கு முன்னால் வந்தது 1938இல். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் ஒரு படத்துக்காக ஸ்கிரீன் டெஸ்ட் எடுத்தார். அந்தப் படத்தில் இவர் நடிக்கவில்லை, டெஸ்ட் மட்டும் ராசெஸ்டரில் உள்ள ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுபத்தைந்து வயது முகம். பீட்டரைத் தேடி அதைப் பார்த்தால் ஏமாற்றம்தான்.

பெயர் வேண்டாம், ஈரோடு: கல்யாணம்?

செய்துகொள்ளவில்லை. செயலாளராகவும் துணையாகவும் பல பத்தாண்டுகள் கூட இருந்தவர் லூயிஸ் பாய்ன்டன். இருவரையும் அருகருகேதான் அடக்கம் செய்தார்கள்.

மாலதி டீச்சர் (மறுபடியும்): கடைசிக் காலம் எப்படி, ஐயா?

உங்கள் தொழிலுக்கே வந்துவிட்டார். அதற்கு முன், 1931இல் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஓடிஸ் ஸ்கின்னர் என்ற நடிகர் ஷைலக்காக நடிக்க, இவர் போர்ஷியாவாக ஊர் ஊராகச் சுற்றினார். 1937இல் மிசௌரியில் ஸ்டீஃபன்ஸ் என்ற பெண்கள் கல்லூரியில் நாடகத் துறைக்குப் பொறுப்பேற்று, மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். லாங் ஐலண்டில் ரான்கான்கோமா ஏரிப்பக்கம் இருந்த தன் எஸ்டேட்டை முன்பே கன்னியர் மடம் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கல்லறையும் அங்கேதான். 1953 ஜூலை 17 அன்று, எண்பது வயதில் காலமானார். பாதிரியார் நாடகமும் பீட்டரும் ஓடிய அந்த எம்பயர் தியேட்டரை இடித்ததும் அதே வருஷம்தான்.

டெய்லர் அண்ணாச்சி, தூத்துக்குடி: தம்பி, நாங்கள் பிள்ளைகள் ஃபிராக்குக்குப் பீட்டர் பேன் காலர் என்று வைப்போமே, அதற்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, அண்ணாச்சி. 1905 நியூயார்க் நாடகத்தில் இவர் போட்ட சட்டைதான் அது. ஓவியர் ஜான் வொயிட் அலெக்சாண்டரோடு சேர்ந்து வடிவமைத்தது. லண்டன் பீட்டர் இந்தக் காலர் போடவில்லை. விறைப்பில்லாமல், தட்டையாக, முனை உருண்டு கழுத்தில் படிகிற காலர். அமெரிக்காவில் பெண்கள் கேட்டுத் தைக்க ஆரம்பித்து, அந்தப் பெயரிலேயே உங்கள் கத்திரி வரைக்கும் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் இதே காலரை கிளோடின் காலர் என்பார்கள். பாண்டிச்சேரியிலிருந்து யாராவது அந்தப் பெயரில் கேட்டு வந்தால் வேறு பேட்டர்ன் தேட வேண்டாம்.