லாவோஸ் கரண்ட் குருண் வழியாக: கேள்வி பதில்

நிலக்கரி மின்நிலையத்தில் 20 வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது பட்டர்வொர்த்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட், பக்கத்து நாடுகள் பற்றி நீங்கள் கேட்டு வைத்ததில் சிலவற்றுக்கு இன்று பதில்.

பிறை தம்பி: அண்ணே, இங்கே அடிக்கிற வெயிலுக்கு இன்னும் ஏன் நிலக்கரி எரிக்கிறோம்?

வெயில் சரி, மூன்று மணிக்கு மேகம் கட்டினால்? ராத்திரி எல்லார் வீட்டிலும் ஏர்கோன் ஓடும்போது சூரியன் எங்கே? அதை நிரப்ப பேட்டரி வேண்டும், இல்லை அணை, அதுவும் இல்லையென்றால் எரிவாயுவும் நிலக்கரியும்தான். 2023இல் மலேசிய அரசு கொண்டுவந்த திட்டம் 2050க்குள் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கது என்கிறது. அது நிறுவிய திறனின் கணக்கு தம்பி, அதாவது அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பது, ஓடுகிற மின்சாரத்தின் கணக்கு இல்லை. சோலார் பாதி நாள் தூங்குகிற ஆள்.

ஜெலுத்தோங் அம்மா ஒருவர்: இந்தோனேசியா நிலக்கரி தர மாட்டேன் என்றால் என்ன ஆகும் ஐயா?

ஒருமுறை சொல்லியே விட்டார்கள் அம்மா, 2022 ஜனவரியில். உலகச் சந்தையில் விலை எகிறிக் கிடந்தது, உள்நாட்டு மின்நிலையங்களுக்கோ டன்னுக்கு 70 டாலர்தான் உச்சவரம்பு. சுரங்கக்காரர் எந்தப் பக்கம் விற்பார்? சொந்த நிலையங்களில் கையிருப்பு வற்றியதும் ஜகார்த்தா ஒரே போடாக ஏற்றுமதியை நிறுத்தியது. ஜப்பான், தென்கொரியா, பிலிப்பீன்ஸ் எல்லாம் தடையை எடுக்கச் சொல்லிக் கேட்டன, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள்.

நாம் முன்கூட்டியே குவித்து வைக்கலாமே என்று தோன்றும். நிலக்கரி அரிசி மூட்டை இல்லை. காற்றுப் பட்டால் உள்ளுக்குள் தானே சூடேறும். விடியற்காலை குவியலைச் சுற்றி நடந்தால் ஓரத்தில் மெல்லிசாக ஏதோ எழும்பும், முதல் நாள் மழையின் ஆவியா புகையா என்று மூக்கை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். புகை என்றால் புல்டோசரை ஏற்றி மிதித்து மிதித்து இடுக்கில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதனால் பல மாதத்துக்கெல்லாம் சேர்த்து வைக்க முடியாது, கப்பல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அலோர் ஸ்டார் பயணி: லாவோஸ் கரண்ட் நம் நாட்டு வழியாகவா சிங்கப்பூர் போகிறது?

வழி அதுதான். வடக்கே போகும்போது கெடாவில் குருண் தாண்டுவீர்களே, அங்கேதான் தாய்லாந்தின் குளோங் ஙே நிலையத்திலிருந்து வரும் 300 மெகாவாட் நேர்மின் (டிசி) கம்பி முடிகிறது. இரண்டு நாட்டு மின்கட்டமைப்பும் ஒரே தாளத்தில் ஓடுவதில்லை, நேர்மின் கம்பியாக இருந்தால் அங்கே கோளாறு வந்தாலும் நம்மை இழுத்துக்கொண்டு விழாது. 2022 ஜூனில் லாவோஸ் நீர்மின்சாரம் 100 மெகாவாட் வரை இப்படித் தாய்லாந்து, மலேசியா தாண்டிச் சிங்கப்பூருக்கு விற்கத் தொடங்கினார்கள். அதே தண்ணீர் அதே வாய்க்காலில் போகிறது என்று நினைக்காதீர்கள். அவர்கள் மேலே ஊற்றினால் நாம் கீழே அவ்வளவு எடுத்துச் சிங்கப்பூருக்கு விடுகிறோம். கணக்குதான் பயணம் செய்கிறது, நமக்குக் கம்பி வாடகை.

ஆசியான் மின்கட்டமைப்புப் பேச்சு 1997இலிருந்தே இருக்கிறது. இந்தோனேசியாவைக் குறை சொல்கிறோமே, நாம் மட்டும் என்னவாம்? இங்கே உற்பத்தியான பசுமை மின்சாரத்தைச் சிங்கப்பூருக்கு விற்கக் கூடாது என்று 2021இல் தடை போட்டு, 2023இல்தான் எடுத்தோம். கம்பி இழுப்பது சுலபம், 'எனக்கே போதாமல் போனால்?' என்ற பயத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

கூலிம் தொழிலாளி: அமெரிக்க வரியால் எங்கள் வேலைக்கு ஆபத்தா?

எந்தத் தொழிற்சாலை என்பதைப் பொறுத்தது. 2025இல் முடிவான வரி கம்போடியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாமிலிருந்து போகும் சிலிக்கான் சோலார் தகடுகளுக்கு, கம்பெனிக்குக் கம்பெனி வேறு விகிதம். பழைய வரிக்குத் தப்பிச் சீனாவிலிருந்து இங்கே வந்தவர்களைக் குறிவைத்தது. கூலிமில் இருக்கும் ஃபர்ஸ்ட் சோலார் செய்வது சிலிக்கான் இல்லை, கேட்மியம் டெல்லூரைடு தகடு, அந்த வரிக்குள் அது வராது.

பாயான் பாரு வாசகர்: வீட்டுக்கூரையில் சோலார் போடலாமா?

பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? மிச்ச யூனிட்டைப் பில்லில் சம விலைக்குக் கழித்த பழைய திட்டம் 2025 ஜூனோடு மூடியாகிவிட்டது, பகலில் நீங்களே செலவழித்தால்தான் அதிக லாபம். கூரையில் ஏறும் ஆளையும் விசாரியுங்கள். பக்கத்து வீட்டில் தகடு மாட்ட வந்தவர்கள் நாலு ஓடுகளை மிதித்து உடைத்துவிட்டுப் போனார்கள், பில் குறைந்திருக்கிறது, மழை வந்தால் ஹாலில் வாளி.