நாட்டு விதை கேள்வி - பதில்: எந்த விதை என்று எழுதுங்கள், புண்ணியமாகப் போகும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விதை போட்டேன், முளைக்கவில்லை. என்ன செய்யலாம்?

எந்த விதை? எந்த வருடம் எடுத்தது? போட்டு எத்தனை நாள் ஆகிறது? மூன்றில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. முள்ளங்கி நாலு நாளில் தலைகாட்டிவிடும். தக்காளிக்கு ஒரு வாரம். மிளகாய் சில சமயம் மூன்று வாரம்கூட இழுத்தடிக்கும். ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதினால் நான் என்ன சொல்வது?

பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி, மூடிய டப்பாவில் போட்டு, குளிர்ச்சி தட்டாத இடத்தில் வையுங்கள். ஏழு, எட்டு முளைத்தால் விதையில் குறையில்லை, விதைத்த விதத்தில்தான் கோளாறு. நாலைந்து என்றால் இரண்டு மடங்கு விதையுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் மண்ணைத் திட்டிப் பயனில்லை. ஆனால் அரிய ரகமாக இருந்தால் அந்த ஒன்றிரண்டையும் தூக்கிப் போடாதீர்கள், நட்டு வளர்த்து விதையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஆழமாகப் புதைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. விதையின் பருமனைப்போல் இரண்டு, மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் போதும். துளசி, திருநீற்றுப்பச்சை போன்ற பொடி விதையை மூடவே வேண்டாம், தூவி உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுங்கள். வெண்டை, பாகல் இரண்டுக்கும் தோல் கெட்டி. ஓர் இரவு ஊறட்டும்.

கொத்தமல்லி பத்து விதை போட்டால் இரண்டுதான் வருகிறது. அதுவும் சீக்கிரமே பூத்துவிடுகிறது.

நீங்கள் ஒரு விதை என்று எண்ணும் உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. தரையில் பரப்பி, செருப்பில்லாத காலாலோ பூரிக்கட்டையாலோ லேசாக உருட்டி இரண்டாக உடையுங்கள். நசுக்கிப் பொடியாக்கிவிடாதீர்கள். சில மணி நேரம் ஊறவைத்து, எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதையுங்கள். பிடுங்கி நட்டால் பிடிக்காத செடி அது. சீக்கிரம் பூப்பது வெயிலால். வெயில் காலத்தில் அரை நிழலில் வையுங்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக விதைத்துக்கொண்டே இருங்கள். பூத்ததை முற்ற விட்டால் அடுத்த விதைப்புக்கு ஆயிற்று.

நாற்றுகள் ஒல்லியாக வளர்ந்து சாய்ந்துவிடுகின்றன. என்ன உரம் போடலாம்?

உரமே வேண்டாம். முதலில் குனிந்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். தண்டு முழுக்க வெளிறி, நீண்டு, ஜன்னல் பக்கமாக வளைந்திருந்தால் வெளிச்சப் பஞ்சம். வெளியே கொண்டுவந்து காலை வெயிலில் வைத்தால் தேறும். தக்காளியாக இருந்தால் மாற்றி நடும்போது தண்டைக் கொஞ்சம் ஆழமாகப் புதைக்கலாம், அங்கேயும் வேர் விடும்.

மண் மட்டத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி, நூல் கட்டி இறுக்கியதுபோல் சிறுத்து, அங்கேயே ஒடிந்து விழுந்திருந்தால் அது நாற்றழுகல். விழுந்தது எழாது. பக்கத்தில் இருப்பதையாவது காப்பாற்றுங்கள்: தண்ணீரைக் குறையுங்கள், நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள், காற்றோட்டம் கொடுங்கள். அடுத்த முறை விதைக்கும் முன் மண் கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் இரண்டு வேளை ஊற்றும் பழக்கத்தை விடாவிட்டால் எந்த மருந்தும் நிற்காது. மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இதை எத்தனை தடவை எழுதினாலும் அலுக்காமல் எழுதுவேன்.

ஹைபிரிட் விதை மலட்டு விதை, அதன் பழத்தில் எடுத்த விதை முளைக்காது என்கிறார்களே?

முளைக்கும், காய்க்கும். ஆனால் தாய்ச்செடி போலவே வராது. இரண்டு வெவ்வேறு பெற்றோரின் குணங்கள் அடுத்த தலைமுறையில் பிரிந்து விளையாடும். ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்று பெரிசு, ஒன்று சோதா. நாட்டு ரகம் அப்படிச் சிதறாது, அதனால்தான் விதை எடுத்து வைக்கிறோம். மலட்டு விதைத் தொழில்நுட்பத்துக்கு 1998-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். அது விற்பனைக்கே வரவில்லை. அதையும் ஹைபிரிடையும் மரபணு மாற்றத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள், மூன்றும் வேறு வேறு.

என்னிடம் ஐந்து வகை நாட்டுக் கத்தரி, நாலு வகை மிளகாய், இரண்டு வகை சுரை எல்லாம் ஒரே மாடியில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் விதை எடுத்து நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுத்து வருகிறேன். கலந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். காய் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

பயமுறுத்தவில்லை ஐயா, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். காய் சரியாகத்தான் இருக்கும். காயின் உருவமும் நிறமும் தாய்ச்செடியுடையது. கலப்பு ஒளிந்திருப்பது உள்ளே, விதையில். அதை நட்டு அடுத்த பருவம் காய்க்கும்போதுதான் வெளியே தெரியும். அப்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். உங்களிடம் விதை வாங்கியவர் நாலு மாதம் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெள்ளைக் கத்தரி ஏன் ஊதா வரியோடு காய்க்கிறது என்று எனக்குக் கடிதம் எழுதுவார். அப்படி வரும் கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ‘குடைமிளகாய் காரமாக இருக்கிறது’ என்பதும் இதே கதைதான். விதை எடுத்த செடிக்குப் பக்கத்தில் நின்ற காரமிளகாயின் மகரந்தம் தேனீ காலில் வந்திருக்கும், காரம்தான் கலப்பில் மேலோங்கி நிற்கும்.

எல்லாச் செடிக்கும் இந்தக் கவலை இல்லை. தக்காளி, பீன்ஸ், தட்டைப்பயறு பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்ளும். ரகத்துக்கு ரகம் சில அடி தள்ளி வைத்தாலே வீட்டுத் தேவைக்குப் போதும். கத்தரி நடுத்தரம். மிளகாயை நம்பவே முடியாது, இடத்தைப் பொறுத்துப் பத்தில் ஒன்றும் கலக்கும், பாதியும் கலக்கும். கொடிக்காய்கள் முழுக்க வண்டையும் பூச்சியையும் நம்பியவை. ஆனால் சுரை பீர்க்கோடு கலக்காது, பாகல் புடலோடு கலக்காது. நீளச் சுரையும் குண்டுச் சுரையும்தான் ஒன்றோடொன்று கலக்கும். தள்ளி வைப்பதென்றால் அரைக் கிலோமீட்டராவது வேண்டும், மாடியில் நடக்கிற காரியமா?

அதற்காக ஒரு ரகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. கத்தரி, மிளகாயில் பூ விரியும் முன்பே மொட்டோடு ஒரு சிறு கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டுங்கள். தினமும் ஒருமுறை கிளையைச் சுண்டிவிடுங்கள், மகரந்தம் உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டிவிடுங்கள். நூல் கட்டிய காய் மட்டும் விதைக்கு, மற்றதெல்லாம் சமையலுக்கு. பரங்கியில் மறுநாள் விரியப்போகும் ஆண்பூ, பெண்பூ இரண்டின் நுனியும் முந்தின மாலையே மஞ்சள் தட்டியிருக்கும். இரண்டையும் நூலால் கட்டி வைத்து, விடிந்ததும் அவிழ்த்து, ஆண்பூவின் இதழைப் பிய்த்துவிட்டு அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவி, பெண்பூவை மறுபடி கட்டிவிடுங்கள். சுரைக்கும் பீர்க்குக்கும் இதை மாலையில் செய்ய வேண்டும், அவை சாயங்காலம் விரிகிறவை.

இவ்வளவு செய்ய நேரமில்லையா? சரி. ‘கலந்திருக்கலாம்’ என்று கவரில் எழுதிக் கொடுங்கள், அதில் ஒரு அவமானமும் இல்லை. பெயரே எழுதாத கவரைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ‘நாட்டு விதை’ என்று மட்டும் எழுதிய பொட்டலங்கள் எனக்கும் வருகின்றன. நாட்டு எது? கத்தரியா, சுண்டையா, மிளகாயா? யாரோ தலைமுறைகளாகப் பொறுக்கி எடுத்துக் காப்பாற்றிய ரகம், பெயர் தொலைந்த கையோடு அதன் கதையும் முடிந்துவிடுகிறது. ரகத்தின் பெயர், யாரிடம் வாங்கியது, எடுத்த மாதம், வருடம். நாலு வரி. பேனாவில் எழுதாதீர்கள், ஈரம் பட்டால் அழிந்துவிடும். பென்சில்.

சுரைக்காய் ஒன்று கசந்தது. வேகவைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. துப்பிவிட்டுக் குப்பையில் போடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. சாறாகக் குடித்தால் இன்னும் ஆபத்து. ஏற்கெனவே சாப்பிட்டு வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் எனக்கு எழுதாமல் மருத்துவரிடம் போங்கள். அந்தக் கொடியில் விதையும் எடுக்காதீர்கள்.

தக்காளி விதையைச் சாம்பலில் தேய்த்துக் காயவைத்தால் போதாதா? புளிக்கவைக்கச் சொல்கிறீர்களே?

சாம்பலிலும் காயும். ஆனால் விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, அது முழுசாகப் போவது புளிக்கும்போதுதான். சாறோடு விதையைக் கிண்ணத்தில் பிழிந்து இரண்டு, மூன்று நாள் வையுங்கள். மேலே வெள்ளையாக ஆடை கட்டும், நாற்றம் வரும், பதற வேண்டாம். தண்ணீர் விட்டு அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். அதற்கு மேல் விட்டால் கிண்ணத்திலேயே முளைத்துவிடும். தட்டில் நிழலில் காயவையுங்கள், காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். தட்டின் ஓரத்தில் ரகத்தின் பெயர். ஆமாம், அங்கேயும்தான்.

அவரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கிறது. ஆறு மாதமாக ஒரு பூ இல்லை.

பழைய கொடியவரை ரகங்கள் பகல் சுருங்கும் பருவத்தில்தான் பூக்கும். பகல் நீளமாக இருக்கும்போது விதைத்துவிட்டு அவசரப்பட்டால் கொடி என்ன செய்யும்? காத்திருங்கள். நடுவே தழைச்சத்து உரம் போட்டால் இலைதான் கூடும்.

புதினா விதை எங்கே கிடைக்கும்?

தேடாதீர்கள். சமையலுக்கு வாங்கிய புதினாக் கட்டிலிருந்து ஒரு தண்டைத் தண்ணீரில் வையுங்கள், ஒரு வாரத்தில் வேர் வரும். விதையில் வருவது எந்த மணத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கறிவேப்பிலைப் பழத்தின் விதையைப் பத்திரமாக ஒரு வருடம் காயவைத்து வைத்திருக்கிறேன். எப்போது போடலாம்?

போய்விட்டது. அது காயவைத்தால் செத்துப்போகும் விதை. பழம் கறுத்ததும் சதையை நீக்கி அன்றோ மறுநாளோ போட்டுவிட வேண்டும்.

விதையை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? எத்தனை வருடம் தாங்கும்?

வைக்கலாம், நன்றாகக் காய்ந்திருந்தால். பரங்கி விதையை வளைத்தால் ‘டக்’ என்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. விதையின் ஈரத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படித்தான் என்பது ஒரு தோராயக் கணக்கு. இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், பாட்டிலின் குளிர் முழுக்க விடட்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் விதையில் வேர்த்துவிடும். வெங்காயம் ஒன்றிரண்டு வருடம், வெண்டை இரண்டு, பீன்ஸ் மூன்று, தக்காளி, கத்தரி நாலைந்து, கொடிக்காய்கள் ஐந்து வரை.

கடையில் வாங்கிய விதை ரோஸ் நிறத்தில் இருக்கிறது. கழுவி முளைகட்டிச் சாப்பிடலாமா?

கூடாது. அது பூஞ்சைக்கொல்லி பூசிய விதை. விதைத்த கையைக்கூடச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

கேரட்டைக் குழித்தட்டில் வளர்த்து நடலாமா?

வேண்டாம். வேர் கவைகவையாகப் பிரியும். நேரடியாக விதைத்து, நெருக்கமானதைக் கலைத்துவிடுங்கள்.

விதைக்கு வெண்டைக்காய் விட வேண்டும். கடைசியில் காய்ப்பதை விட்டால் போதும்தானே?

நல்லதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு, செடி ஓய்ந்த பிறகு வரும் கோணல் காயை விதைக்கு விடுவதா? முதலிலேயே பார்த்து வையுங்கள்: இலை நரம்பு வெளுக்காத, நன்றாகக் காய்க்கும் செடிகள் நாலைந்து. ஒவ்வொன்றிலும் ஆரம்பத்தில் வரும் காய்களில் இரண்டை நூல் கட்டி விட்டுவிடுங்கள். செடியிலேயே காய்ந்து விளிம்பு வெடிக்கத் தொடங்கியதும் பறியுங்கள். மழை வருவதாக இருந்தால் அதற்கு முன்பே.